திட்டம் ஆபீசில், அறிவு மலையில்: காங்கேசன்துறை நமக்குச் சொல்லும் பாடம்



தோட்டக் கம்பனிகள் சம்பளப் பேச்சுக்கு வரும்போதெல்லாம் ஒரே சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு வருகின்றன: உற்பத்தித்திறன். 2021ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024ஆம் ஆண்டில் 1700 ரூபா என்று அறிவிப்பு வந்தது. மறுபடியும் நீதிமன்றம் போயின. இரண்டு முறையும் சொன்ன நியாயம் ஒன்றே. தொழிலாளி பறிக்கும் கிலோ போதாது, உற்பத்தி உயராமல் சம்பளம் உயர முடியாது.

சரி, உற்பத்தியைப் பற்றியே பேசுவோம். எந்த நம்பர் மலையை எந்த நாளில் எடுப்பது என்று தீர்மானிப்பவர் யார்? கொழுந்து முற்றிப்போகும்வரை ஒரு மலையைப் போட்டுவைத்துவிட்டு இன்னொரு மலையில் ஆளைக் குவிப்பவர் யார்? மழைக்குப் பிறகு நான்கு மலையும் ஒன்றாகத் தளிர்த்து வரும்போது, ஸ்டோரில் வாட்டுவதற்கு இடமில்லாமல் கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறுகிறதே, அதற்குப் பொறுப்பு யார்? இதையெல்லாம் கேட்டால் பேச்சு மாறிவிடும். “திட்டமிடல் நிர்வாகத்தின் வேலை. உங்கள் வேலை கொழுந்து பறிப்பது.”

அந்தப் பதிலைத்தான் இந்த இதழில் நாம் மறுக்கிறோம். உற்பத்தித் திட்டம் ஓர் அறைக்குள் எழுதி முடிக்கிற காகிதம் அல்ல. ஒரு வேலைக் குழு தனக்குத் தெரிந்ததை அடுத்த வேலைக் குழுவுக்கு உரிய நேரத்தில் சொல்வதால்தான் எந்தத் திட்டமும் நடக்கிறது. அந்தச் சொல்லை நிறுத்திவிட்டால் திட்டம் படுத்துவிடும். இதை நம் தோட்டத்தில் மட்டும் வைத்துப் பேசினால், “தேயிலை வேறு, தொழிற்சாலை வேறு” என்று தட்டிக் கழிப்பார்கள். ஆகவே ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்தே தொடங்குகிறோம். அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறையில் நின்றது.

சங்கிலியில் நின்ற தொழிற்சாலை

மலையகச் சங்கத்தின் பத்திரிகையில் காங்கேசன்துறைக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்துத் தொழிலாளியின் கதை வேறு, தோட்டத் தொழிலாளியின் கதை வேறு என்று நம்மைப் பிரித்து வைத்தவர்கள் பலர். அந்தப் பிரிவினையால் நமக்கு ஒரு சதமும் லாபம் வந்ததில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு நம் குடும்பங்கள் மலையை விட்டு வன்னிக்குப் போயின. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்றைக்கும் நம் உறவுகள் வாழ்கிறார்கள். வடக்கில் ஒரு தொழிற்சாலைக்கு நடந்தது நமக்கு அந்நியமான கதை அல்ல.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை இந்த நாட்டின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை. 1950ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. பின்னர் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது. அது அங்கே அமைந்ததற்குக் காரணம் காலடியில் கிடந்த சுண்ணக்கல். ஆனால் சுண்ணக்கல் மட்டும் சீமெந்து ஆகாது, களி வேண்டும். களி மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. கல்லையும் களியையும் அளவோடு சேர்த்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரித்தால் கிளிங்கர் என்ற கட்டி கிடைக்கும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால்தான் சீமெந்து. பிறகு பையில் கட்ட வேண்டும், ரயிலில் ஏற்ற வேண்டும்.

இந்தச் சங்கிலியை ஒருமுறை கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். கல்லுடைக்கும் இடத்தில் ஒரு குழு. முருங்கனில் களி ஏற்ற ஒரு குழு. ரயிலில் ஒரு குழு. கலவையை அளக்கும் ஆய்வுகூடத்தில் ஒரு குழு. சூளையில் இரவு பகல் முறை மாற்றி நிற்கும் ஒரு குழு. அரைக்கும் ஆலையில், பை கட்டும் இடத்தில், ஏற்றுமிடத்தில் என்று இன்னும் பல குழுக்கள். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒரு பை சீமெந்து செய்ய முடியாது.

சீமெந்துச் சூளைக்கு ஒரு குணம் உண்டு. நினைத்தபோது அணைக்கவும் நினைத்தபோது மூட்டவும் முடியாது. உள்ளே பதித்த நெருப்புச் செங்கல் திடீரென்று குளிர்ந்தால் வெடிக்கும். மறுபடி சூடேற்ற நேரமும் எரிபொருளும் வீணாகும். அதனால் சூளையில் நிற்பவருக்குத் தன் முன்னால் எரியும் தீயைப் பற்றித் தெரிந்தால் போதாது. களி வண்டி எப்போது வரும் என்று தெரிய வேண்டும். இன்று உடைக்கிற கல்லில் மண் கூடியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். பை கட்டுமிடத்தில் சரக்குத் தேங்கிக் கிடக்கிறதா என்று தெரிய வேண்டும். மாதத்துக்கு இத்தனை தொன் என்று மேலிடம் இலக்குப் போடலாம். அந்த இலக்கை நாளாகவும் முறையாகவும் மணியாகவும் பிரித்து நடத்துவது, முறை மாறும்போது ஒரு தொழிலாளி அடுத்த தொழிலாளிக்குச் சொல்லிவிட்டுப் போகும் இரண்டு வார்த்தைதான். “கல்லில் ஈரம் கூட, கவனம்.” “ரெண்டாம் ஆலை சத்தம் போடுது, சுமையைக் குறை.” இப்படிப்பட்ட சொற்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவை இல்லாமல் எந்தச் சீமெந்துத் தொழிற்சாலையும் ஓடுவதும் இல்லை.

1990ஆம் ஆண்டில் போர் மறுபடி மூண்டபோது தொழிற்சாலை மூடப்பட்டது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமானது. மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். தொழிலாளிகளும் அவர்களோடு போனார்கள். சிலர் முகாமுக்கு, சிலர் வன்னிக்கு, சிலர் கொழும்புக்கு, சிலர் கடல் கடந்து. ரயில் பாதையும் அழிந்தது. அது 2015 ஜனவரியில் மறுபடி காங்கேசன்துறையைத் தொட்டது. தொழிற்சாலை மட்டும் எழவில்லை.

மூடி முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று அந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதைப் பேசுகிறார்கள்? காணி எவ்வளவு, கல் எவ்வளவு, எந்த முதலீட்டாளர் வருவார், பழைய இரும்பு என்ன விலை. அங்கே வேலை செய்த குழுக்களிடம் இருந்த அறிவு எங்கே போயிற்று என்று கேட்டவர்களைக் காணோம். இரும்புக்காவது கிலோவுக்கு ஒரு விலை உண்டு. அந்த அறிவுக்குப் பழைய இரும்பின் விலைகூட யாரும் போடவில்லை.

அந்தத் தொழிற்சாலையை மறுபடி திறக்க வேண்டும் என்று நாம் இங்கே வாதாடவில்லை. குடாநாட்டின் குடிநீர் அந்தச் சுண்ணக்கல்லுக்குள்ளேயே இருக்கிறது. கல்லைத் தோண்டத் தோண்டக் கிணறு உவர்க்கும் என்று ஊர் மக்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே. நாம் சொல்வது இதுதான்: திறப்பதா வேண்டாமா என்ற பேச்சிலும், கல்லையும் தண்ணீரையும் நாளாந்தம் பார்த்த தொழிலாளிக்கும் விவசாயிக்கும் நாற்காலி இல்லை. திட்டம் போடும் மேசை எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

உப்புப் பாத்தியும் சுருட்டுக் கொட்டிலும்

குடாநாட்டின் கழுத்தில் ஆனையிறவு உப்பளம் இருக்கிறது. உப்புச் செய்வதற்குச் சூளை தேவையில்லை. வெயிலும் காற்றும் போதும். அப்படியென்றால் திட்டமிட என்ன இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு மாற்றுவது, மழை வருமுன் எப்போது வாருவது, இவையெல்லாம் திட்டமே. ஒரு மழையைத் தவறவிட்டால் பல வார வேலை கரைந்துபோகும். வானத்தையும் பாத்தியின் நிறத்தையும் பார்த்துப் பழகிய குழுவின் வாயில்தான் அந்தத் திட்டம் இருக்கிறது. போர் அந்த உப்பளத்தையும் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. பாத்தியைத் திருத்தப் பணம் ஒதுக்கலாம். பாத்தியைப் பார்த்துச் சொல்லும் கண்ணை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஒதுக்க முடியாது. அது வேலை செய்கிறவரின் பக்கத்தில் நின்று வேலை செய்தே வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான, நமக்கு உற்சாகம் தரும் உதாரணமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. சுருட்டுக் கொட்டில். யாழ்ப்பாணத்துச் சுருட்டு தென்னிலங்கைக் கடைவீதிகள் எல்லாம் விற்ற காலம் ஒன்று இருந்தது. கொட்டிலில் தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். செய்தி, கதை, அரசியல் எல்லாம் அந்தக் கொட்டிலுக்குள் வந்தன. பள்ளிக்கூடம் போகாதவரும் உலக நிலவரம் பேசினார். இடதுசாரி இயக்கம் குடாநாட்டில் வேர்விட்ட இடங்களில் சுருட்டுக் கொட்டிலும் ஒன்று.

கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1860களிலிருந்து இதே வழக்கம் உண்டு. அங்கே வாசிப்பவருக்குத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலாளிகளும் ஆட்சியாளர்களும் அந்த வாசிப்பை நிறுத்தப் பலமுறை முயன்றார்கள். எதற்காக? வாசிப்பதால் சுருட்டு கெட்டுவிடும் என்பதற்காகவா? ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்கிற தொழிலாளிகள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள் என்பதற்காகத்தான்.

கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளிகளிடமும் இந்த வாசிப்பு இருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்த மனமில்லாத முதலாளிகள் கொட்டில்களை மூடியபோது, அந்தத் தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்று அழவில்லை. 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். இலை வாங்குவது, வெட்டுவது, சுற்றுவது, விற்பது எல்லாவற்றையும் தாங்களே திட்டமிட்டார்கள். தொழிலின் ஒவ்வொரு படியையும் தங்களுக்குள் பேசிப் பேசிப் பழகியிருந்த குழுவால் அது முடிந்தது. “உங்களுக்குச் சுற்றத்தான் தெரியும், நடத்தத் தெரியாது” என்று சொன்னவர்களுக்கு அது கிடைத்த பதில்.

தொழிலாளி ஏன் வாயை மூடிக்கொள்கிறார்

“தொழிலாளிக்குத் தெரிந்தால் சொல்லட்டுமே, நாங்கள் வேண்டாம் என்றோமா?” என்று துரைமார் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வோம். தொழிலாளி தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது உண்மைதான். அதற்குக் காரணம் சோம்பலோ பிடிவாதமோ அல்ல, பட்ட அனுபவம்.

நல்ல கொழுந்துக் காலத்தில் ஒரு கூட்டம் நிரையை மாற்றிப் பிடித்து, நடையைக் குறைத்து, நாளுக்கு ஐந்து கிலோ கூடப் பறித்துக் காட்டினால் என்ன நடக்கும்? அடுத்த மாதம் அந்த ஐந்து கிலோ எல்லோருக்கும் அளவாகிவிடும். கொழுந்து குறைந்த காலத்திலும் அதே அளவைக் கேட்பார்கள். எட்ட முடியாதவருக்கு அரைப்பேர். ஸ்டோரில் ஒருவர் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்யும் வழியைச் சொன்னால், அடுத்த வாரம் இரண்டாவது ஆள் வெளிக்காட்டு வேலைக்குப் போய்விடுவார். சொன்னவருக்குத் தட்டிக்கொடுப்பு, தோழனுக்கு வேலையிழப்பு. இப்படி இருக்கும்போது வாய் திறப்பவன் முட்டாள்.

இது தற்செயலாக நடப்பதல்ல. அமெரிக்காவின் ஃபிரடெரிக் டெய்லர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தார். காலங்காலமாகத் தொழிலாளிகளிடம் இருக்கும் தொழிலறிவை நிர்வாகம் திரட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், அதை விதியாகவும் அளவாகவும் மாற்றித் திரும்பத் தொழிலாளியிடமே கட்டளையாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் ஆபீசுகளில் அதே கொள்கைதான் ஆட்சி செய்கிறது. புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஜப்பான் முறை என்று 5எஸ் பலகை பல ஸ்டோர்களில் தொங்குகிறது. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில், வேலையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவிக்கு ஆள் கூப்பிடலாம். கோளாறு தீராவிட்டால் வரிசையே நிற்கும். அதுதான் அந்த முறையின் உயிர். நம் ஸ்டோரில் பலகை தொங்குகிறது, கயிறு தொங்கவில்லை. வாட்டம் போதாத கொழுந்தை ரோலருக்குள் தள்ளாதே என்று ஒரு தொழிலாளி நிறுத்திப் பார்க்கட்டும், மறுநாள் அவருக்கு எந்த வேலை கிடைக்கிறது என்று பார்ப்போம்.

கேட்காமல் போட்ட திட்டத்தின் விலை

மேலிருந்து போடும் திட்டம் தவறும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று நாடே பார்த்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தார்கள். தேயிலைச் செடியின் காலடியில் வாழ்க்கையைக் கழித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரம் நின்றால் எத்தனை மாதத்தில் கொழுந்து மெலியும், எந்த மலை முதலில் மஞ்சளாகும் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் சொல்லக்கூடிய பெண்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் தடையை விலக்க வேண்டி வந்தது. ஆனால் செடி வர்த்தமானியைப் படித்து மனம் மாறுவதில்லை. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. தடையோடு எரிபொருள் தட்டுப்பாடும் நெருக்கடியும் சேர்ந்துகொண்டன என்பதும் உண்மை. இழப்பு யாருக்கு வந்தது? கொழுந்து இல்லாத மலையில் கிலோ தேடி அலைந்தவர்களுக்கு.

சிறிய அளவில் இதுதான் ஒவ்வொரு கிழமையும் நடக்கிறது. நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து இருபத்தொரு கிலோ, இருபத்திரண்டு கிலோ தேயிலைதான் கிடைக்கும். அதிலும் தரம், வாட்டும் தட்டில் கொழுந்து எத்தனை மணி நேரம் எப்படிக் கிடந்தது என்பதில் இருக்கிறது. செவ்வாய் பெய்த மழைக்கு எந்த மலை வெள்ளிக்கிழமை தளிர்க்கும் என்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தெரியும். ஸ்டோரில் எத்தனை தட்டுக் காலி என்று இரவு வேலைக்காரருக்குத் தெரியும். லொறி எந்த வளைவில் சேற்றில் நிற்கும் என்று சாரதிக்குத் தெரியும். இந்த மூவரும் ஒரே லயத்தில்கூட இருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் இவர்கள் ஒருவரோடொருவர் பேச வழியில்லை. ஒவ்வொருவரும் மேலே சொல்ல வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும். வருவதற்குள் கொழுந்து கறுத்துவிடும். கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால், “கொழுந்துத் தரம் சரியில்லை” என்று பழி மடுவத்துக்கு வரும், தராசில் கழிப்புக் கூடும்.

“ஏல விலை, எரிபொருள், வங்கிக் கடன் எல்லாம் தொழிலாளிக்குத் தெரியுமா?” என்று கேட்கிறார்கள். தெரியாதுதான், நீங்கள் சொல்வதில்லையே! தொழிலாளி தன் நிரையை மட்டும் பார்க்கிறார் என்பது சரி. துரை தன் காகிதத்தை மட்டும் பார்க்கிறார் என்பதும் சரிதானே. ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் பார்க்கிறோம் என்றால், துண்டுகளை ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் திட்டமிடல். ஒரு துண்டை வைத்திருப்பவர் மற்றவர்களுக்கு முழுப் படம் என்று காட்டுவதற்குப் பெயர் அதிகாரம்.

பங்குப் பத்திரம் போதாது

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தொழிலாளியைப் பங்காளி ஆக்குகிறோம், வருமானத்தில் பங்கு தருகிறோம் என்று இப்போது புதிய பேச்சு வருகிறது. மூணாறைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டில் டாட்டா விலகியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனி உருவானது. பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் கையில் வந்தன. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் பங்குதாரர்கள் ஆனார்கள். பத்தே ஆண்டில், 2015 செப்டம்பரில், போனஸைக் குறைத்ததை எதிர்த்து அதே பங்குதாரர்கள், நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். “பெம்பிளை ஒருமை” என்ற பெயரில் நடந்த அந்தப் போராட்டத்தில் கம்பனி மட்டுமல்ல, தொழிற்சங்கத் தலைமைகளும் குற்றவாளிக் கூண்டில் நின்றன. பங்குப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. கணக்கும் திட்டமும் வேறு இடத்தில் இருந்தன. அந்த மேசையில் இடமில்லாமல் கையில் பத்திரம் மட்டும் இருந்தால், நட்டம் வரும்போதுதான் நாம் பங்காளி.

தொழிலாளி திட்டம் போட்டுக் காட்டிய சம்பவமும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் லூக்காஸ் விமானத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்றபோது, சங்கப் பிரதிநிதிகள் முதலில் வெளி நிபுணர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். பிறகு தங்கள் தொழிலாளிகளிடமே கேட்டார்கள்: நம்மிடம் என்ன இயந்திரம் இருக்கிறது, என்ன கைத்தொழில் இருக்கிறது, மக்களுக்குப் பயன்படும் எதை நாம் செய்யலாம்? 1976இல் ஏறத்தாழ 150 பொருட்களுக்கான யோசனைகளோடு திட்டம் வெளிவந்தது. நிர்வாகம் அதை ஏற்கவில்லை. திட்டம் மோசம் என்பதால் அல்ல, திட்டமிடும் உரிமை கைமாறிவிடும் என்பதால். ஆனாலும் ஆட்குறைப்பை எதிர்த்துப் பேசும்போது அவர்கள் கையில் வெறும் கோரிக்கை மட்டும் இருக்கவில்லை. அதற்கு மாற்றும் இருந்தது.

நாம் கேட்பது

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இவற்றையும் மேசையில் வைக்க வேண்டும்.

ஒன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் கிழமைக்கு ஒருமுறை, வேலை நேரத்தில், பேர் போட்டு, திட்டக் கூட்டம் நடக்க வேண்டும். கொழுந்துக் கூட்டங்கள், கவ்வாத்து, வெளிக்காட்டு வேலை, மடுவம், லொறி, ஸ்டோரின் இரு முறைகள், எல்லாவற்றிலிருந்தும் அந்த வேலையைச் செய்கிறவர்களே தெரிவு செய்த ஆட்கள் வர வேண்டும். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் சார்பில் கங்காணி வந்தால் போதும் என்பதை ஏற்க மாட்டோம்.

இரண்டு. பெரட்டுக் களத்தில் ஒரு பலகை வேண்டும், தமிழில். எந்த மலை எடுத்து எத்தனை நாள் ஆயிற்று, நேற்று வந்த கொழுந்து எவ்வளவு, தராசில் கழித்தது எவ்வளவு, ஆன தேயிலை எவ்வளவு, கடைசி ஏலத்தில் நம் தோட்டத் தேயிலைக்குக் கிடைத்த விலை என்ன. சம்பளப் பேச்சில் நமக்கு எதிராகக் காட்டும் கணக்கை நம் கண்ணுக்கு முன் எழுதிவைக்க என்ன தயக்கம்?

மூன்று. தொழிலாளி சொன்ன யோசனையால் வேலை சுலபமானால், அதைக் காட்டிக் கிலோ அளவைக் கூட்டக்கூடாது, ஆளைக் குறைக்கக்கூடாது. கிடைத்த லாபத்தில் அந்தக் கூட்டத்துக்குப் பங்கு வேண்டும். இது எழுத்தில் வராதவரை நம் ஆட்கள் வாய் திறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான்கு. தரம் கெடும் என்று தெரிந்தால் வேலையை நிறுத்திச் சொல்லும் உரிமை ஸ்டோர்த் தொழிலாளிக்கு வேண்டும். அப்படி நிறுத்தியவரைப் பழிவாங்கினால் அது சங்கத்தின் பிரச்சினை.

கம்பனிகள் இதற்கு உடனே சம்மதிக்கப் போவதில்லை. அதுவரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. சுருட்டுக் கொட்டிலில் வாசிக்க முதலாளியிடம் அனுமதிக் கடிதம் வாங்கியா தொடங்கினார்கள்? நமக்குள் பேசிக்கொள்வதற்கு எந்தத் துரையின் கையெழுத்தும் வேண்டாம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வயதான தொழிலாளிகள் பென்சன் வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள், இளம் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்த மலையில் எந்த மூலையில் ஊற்று, எந்தச் செடிக்கு எந்தக் கவ்வாத்து என்ற அறிவு, குண்டு விழாமலே கலைந்துகொண்டிருக்கிறது. காங்கேசன்துறையில் போர் செய்ததை இங்கே அலட்சியம் செய்து முடித்துவிடும்.

எனவே அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் ஒரு அப்பியாசக் கொப்பி கொண்டுவரட்டும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பக்கம். எப்போது எடுத்தோம், எப்போது எடுத்திருக்க வேண்டும், மழை என்ன, கழிப்பு என்ன, ஸ்டோரில் என்ன நடந்தது. எழுதத் தெரியாத அம்மா சொல்லட்டும், லயத்தில் படிக்கும் பிள்ளை எழுதட்டும். கூட்டத்தில் அதை உரத்து வாசிப்போம். மூன்று மாதத்துக் கொப்பிகள் சேர்ந்ததும், உற்பத்தித்திறன் என்று கம்பனி சொல்லும்போது அவற்றை மேசையில் அடுக்கிவைத்துப் பேச்சைத் தொடங்குவோம்.